கட்டுப்படியாகும் விலையில் ரைஃபிள் ஸ்கோப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் முதல் ரைஃபிள் வாங்கிய கையோடு ஸ்கோப்பைப் பற்றி, அதாவது ரைஃபிளின்மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கியைப் பற்றி, நம்மவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. டெக்சஸில் மான் வேட்டைக்கும், வார இறுதிகளில் ரேஞ்சில் காகித இலக்கைச் சுடவும் போகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே தருகிறேன். ஐந்நூறு டாலருக்குள் முடிக்க நினைப்பவருக்காக எழுதியது இது. விலை கடைக்குக் கடை மாறும் என்பதால் இங்குள்ள தொகைகளை உத்தேசமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கோப்பின் மேல் 3-9×40 என்று போட்டிருக்கிறதே, அதற்கு என்ன அர்த்தம்?

3-9 என்பது உருப்பெருக்கம். மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்குவரை வளையத்தைத் திருகி மாற்றிக்கொள்ளலாம். ஒன்பதில் வைத்தால் 90 யார்டு தள்ளி நிற்கும் மான் பத்து யார்டில் நிற்பதுபோலத் தெரியும். 40 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 4×32 என்று ஒற்றை எண்ணோடு தொடங்கினால் அது மாறாத நான்கு மடங்கு.

எனக்கு எத்தனை மடங்கு வேண்டும்? அதே விலைக்கு 6-24 கூடக் கிடைக்கிறதே?

கிடைக்கும். அங்கேதான் முதல் ஸ்கோப் வாங்குகிறவர் சறுக்குகிறார். 150 டாலருக்கு ஒரு 3-9 ஸ்கோப்பும் அதே 150 டாலருக்கு ஒரு 6-24 ஸ்கோப்பும் அருகருகே இருந்தால், இரண்டாவதில் லென்ஸ்கள் அதிகம், உள்ளே நகரும் பாகங்கள் அதிகம். அவ்வளவையும் அதே காசுக்குள் அடைக்க வேண்டுமென்றால் கண்ணாடியின் தரத்திலோ உள் இயக்கத்திலோ கை வைத்துத்தான் ஆக வேண்டும். பலன், இருபத்து நாலு மடங்கில் பார்த்தால் மங்கிய, ஓரம் கலங்கிய, பெரிய படம்.

வேட்டைக்கு அவ்வளவு பெரிய எண் தேவையும் இல்லை. டெக்சஸ் மலைப்பகுதியில் ஜூனிபர் புதர்களுக்கு நடுவே பிளைண்டில் (மறைவிடத்தில்) உட்கார்ந்து சுடுகிறவருக்கு மான் வந்து நிற்பது பெரும்பாலும் 50 முதல் 150 யார்டுக்குள். வெள்ளைவால் மானின் நெஞ்சில் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறக்குறைய எட்டு அங்குல வட்டம். நூறு யார்டில் எட்டு அங்குலத்தைக் குறிபார்க்க நான்கு மடங்கே போதும். மாறும் உருப்பெருக்கம் பரவலாவதற்கு முன்பு ஒரு தலைமுறையே மாறாத 4 மடங்கு ஸ்கோப்பை வைத்துக்கொண்டுதான் வேட்டையாடியது.

பார்வை அகலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். சாதாரண 3-9 ஸ்கோப்பை மூன்றில் வைத்தால் நூறு யார்டில் சுமார் 34 அடி அகலம் தெரியும்; ஒன்பதில் அது 12 அடியாகச் சுருங்கிவிடும். 6-24 ஸ்கோப்பில் குறைந்தபட்சமே ஆறு. மான் முப்பது யார்டில் திடீரென்று புதரை விட்டு வெளியே வந்தால், ஸ்கோப் முழுக்கப் பழுப்பு மயிர்தான் தெரியும். அது தோளா தொடையா என்று பிரித்துப் பார்ப்பதற்குள் மான் போய்விடும். தெரியாமல் விசையை அழுத்தினால் அதைவிடக் கேடு, காயம்பட்ட விலங்கு புதருக்குள் ஓடி மணிக்கணக்கில் துடிக்கும். வேட்டைக்காரனின் முதல் கடமை அதைத் தவிர்ப்பது.

ஆகவே வேட்டைக்கு மட்டும் என்றால் 3-9 அல்லது 2-7. காகித இலக்குக்கு மட்டும் என்றால் 4-16 வசதி; .22 ரைஃபிளின் சிறிய குண்டு போட்ட சின்ன ஓட்டையை நூறு யார்டில் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கப் பன்னிரண்டு மடங்காவது வேண்டும்.

எவ்வளவு செலவழிக்கலாம்? மாடல் பெயர் சொல்லுங்களேன்.

வேட்டைக்கு, நூறு டாலர் அளவில் புஷ்னெல் பேனர் 3-9×40. 150 முதல் 200-க்குள் வோர்டெக்ஸ் கிராஸ்ஃபயர் 2, அதே 3-9×40. இருநூற்றைத் தாண்டினால் பர்ரிஸ் ஃபுல்ஃபீல்டு. 300 அளவில் லியூபோல்டு விஎக்ஸ்-ஃப்ரீடம் 3-9×40. இதில் லியூபோல்டு ஓரிகன் மாநிலத்தில் தயாராகிறது, எடை 12 அவுன்ஸ் சுற்றித்தான். நாள் முழுவதும் ரைஃபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கிறவருக்கு அந்த எடைக் குறைவு பெரிய விஷயம்.

என்னைக் கேட்டால், முடிந்தவர்கள் 300 டாலர் ஸ்கோப்பை ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். முடியாதவர்கள் கிராஸ்ஃபயரை வாங்கி நிம்மதியாக இருங்கள். அதற்கும் கீழே போனால், அதாவது ஐம்பது அறுபது டாலருக்கு விளக்கு, லேசர், டார்ச் எல்லாம் ஒட்டிவரும் ஸ்கோப்புகள், மான் ரைஃபிளின் உதைக்கு நிற்காது. அந்தக் காசுக்குத் தோட்டா வாங்குங்கள்.

இலக்குப் பயிற்சிக்கு டர்ரெட்டை, அதாவது குறியை மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்தும் குமிழை, திருகித் திருகிச் சுடப்போகிறீர்கள் என்றால் கணக்கு வேறு. வோர்டெக்ஸ் டயமண்ட்பேக் டாக்டிக்கல், ஏத்லான் ஆர்கோஸ், பிரைமரி ஆர்ம்ஸ் எஸ்எல்எக்ஸ், ஆர்கென் ஆகிய வரிசைகளை 300-க்கும் 500-க்கும் இடையில் பாருங்கள். ஆர்கென் கனமானது. பெஞ்சில் வைத்துச் சுட ஏற்றது, தூக்கிக்கொண்டு மலையேற அல்ல.

பழைய கடைகளில் நிக்கான் ஸ்கோப் கண்ணில் படலாம். நல்ல கண்ணாடி. ஆனால் அந்தக் கம்பெனி ரைஃபிள் ஸ்கோப் தொழிலையே விட்டுவிட்டது என்பதை நினைவில் வைத்து விலை பேசுங்கள்.

கடையில் பார்த்தால் 100 டாலர் ஸ்கோப்பும் 300 டாலர் ஸ்கோப்பும் ஒன்றுபோலத்தானே தெரிகிறது?

கடையின் ட்யூப்லைட் வெளிச்சத்தில் எல்லா ஸ்கோப்பும் நன்றாகத்தான் தெரியும். வித்தியாசம் தெரிவது அந்திக் கருக்கலில்.

டெக்சஸில் மானைச் சுடச் சட்டம் அனுமதிக்கும் நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்புவரை. மான் மேயவருவதும் பெரும்பாலும் அந்த இரண்டு ஓரங்களில்தான். அஸ்தமனம் முடிந்து பதினைந்து நிமிடம் ஆனபின் மரநிழலில் ஒரு மான் நிற்கிறது என்று வையுங்கள். வெறுங்கண்ணுக்கு அது ஒரு கறுத்த உருவம். மட்டமான ஸ்கோப்பிலும் கறுத்த உருவம்தான், கொஞ்சம் பெரிதாக. நல்ல கண்ணாடியில் கொம்பின் கிளைகள் பிரிந்து தெரியும், தோள்மடிப்பு தெரியும், மானுக்குப் பின்னால் வேலிக்கம்பமோ மாடோ நின்றால் அதுவும் தெரியும். சுடலாமா கூடாதா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

இதற்குக் காரணம் லென்ஸின் மேல் பூசப்படும் பூச்சு. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் கொஞ்சம் ஒளி திரும்பிப் போய்விடும். ஸ்கோப்புக்குள் அப்படிப் பல பரப்புகள். பெட்டியில் ‘ஃபுல்லி மல்ட்டி-கோட்டட்’ என்று போட்டிருந்தால், காற்றைத் தொடும் எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு உண்டு என்று பொருள். வெறும் ‘கோட்டட்’ என்றிருந்தால் தள்ளிவையுங்கள். உள்ளே நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏசி காரிலிருந்து ஈரக்காற்றுக்குள் இறங்கியதும் உள்லென்ஸ் பனிமூடிக்கொள்ளாமல் இருக்க அது வேண்டும்.

கடையிலேயே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. விற்பனையாளரிடம் கேட்டுக்கொண்டு, சாயங்காலமாகப் போய், ஸ்கோப்பை வாசல்வழியே தெருவுக்கு அப்பால் உள்ள நிழலை நோக்கிப் பிடியுங்கள். மரத்தடியில் உள்ள இலைகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். இரண்டு ஸ்கோப்பையும் ஒரே மடங்கில் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும்.

அப்படியென்றால் 50 மி.மீ. லென்ஸ் வாங்கினால் இன்னும் வெளிச்சமாக இருக்காதா?

முன்லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 40-ஐ 9-ஆல் வகுத்தால் 4.4 மி.மீ. அதே ஸ்கோப்பை ஆறுக்கு இறக்கினால் 6.7 மி.மீ. இருட்டில் இளைஞர்களின் கண்மணி விரிவது ஏழு மி.மீ. அளவுக்கு, வயது ஏற ஏற அது குறையும். கண்மணி வாங்கும் அளவுக்கு மேல் வரும் ஒளியால் பயனில்லை. ஆகவே 40 மி.மீ. ஸ்கோப்பைக் கருக்கலில் ஐந்து அல்லது ஆறு மடங்குக்கு இறக்கிவிட்டாலே போதும், 50 மி.மீ.க்குக் கூடுதல் பணமும் எடையும் கொடுக்க வேண்டியதில்லை. பெரிய லென்ஸ் குழல்மேல் இடிக்காமல் இருக்க ஸ்கோப்பைப் பிடித்து நிறுத்தும் ரிங்கை உயரமானதாகப் போட வேண்டிவரும். கன்னம் ஸ்டாக்கில் (ரைஃபிளின் பின்கட்டையில்) சரியாகப் படியாது. இந்தக் கணக்கை 6-24×50-க்கும் போட்டுப்பாருங்கள், இருபத்து நாலில் இரண்டு மி.மீ.தான் மிஞ்சும். சாயங்காலத்துக்கு அது உதவாது.

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும்?

மூன்றரை முதல் நான்கு அங்குலம். பெட்டியில் ‘ஐ ரிலீஃப்’ என்று குறித்திருப்பார்கள். .30-06 போன்ற பெரிய தோட்டா ரைஃபிள் உதைக்கும்போது இடைவெளி குறைவாக இருந்தால் ஸ்கோப்பின் பின்விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும். மேட்டை நோக்கிச் சுடும்போதும், குப்புறப்படுத்துச் சுடும்போதும் முகம் தானாக முன்னே நகரும். அந்த நேரத்துக்கும் சேர்த்து இடம்விட்டு மாட்டுங்கள். .22-வுக்கு இந்தக் கவலை இல்லை.

ரெட்டிகிளில் எதை எடுப்பது?

ரெட்டிகிள் என்பது ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடு. வேட்டைக்கு டூப்ளெக்ஸ். வெளிப்பக்கம் தடித்து, நடுவில் மெலிந்து வரும் எளிய குறுக்குக்கோடு. லியூபோல்டு 1962-இல் கொண்டுவந்தது, இன்றுவரை மற்ற கம்பெனிகளும் அதைப் பின்பற்றுகின்றன. மங்கலில் மெல்லிய நடுக்கோடு மறைந்தாலும் நான்கு தடித்த கைகளும் கண்ணை நடுவுக்கு இழுத்துவரும்.

கீழ்க்கோட்டில் வட்டமோ கோடோ வரிசையாக இருக்கும் பிடிசி (குண்டின் இறக்கத்தை ஈடுகட்டும்) ரெட்டிகிள்கள் தூரத்துக்கேற்பக் குறியை ஏற்ற உதவும். ஆனால் அந்தக் குறிகள் எந்த வேகத்தில் போகும் எந்தக் குண்டுக்கு என்று கம்பெனி ஒரு சராசரியை வைத்துப் போட்டது. உங்கள் ரைஃபிளில், உங்கள் தோட்டாவில், அந்த இரண்டாவது வட்டம் உண்மையில் எத்தனை யார்டுக்குப் பொருந்துகிறது என்று ரேஞ்சில் சுட்டுப் பார்க்காமல் விலங்கின்மேல் பயன்படுத்தாதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. மலிவான வேட்டை ஸ்கோப்புகளில் பெரும்பாலானவை செகண்ட் ஃபோகல் பிளேன் வகை. மடங்கை மாற்றினாலும் ரெட்டிகிள் அதே அளவில் நிற்கும். அதனால் அந்தக் குறிகள் ஒரே ஒரு மடங்கில்தான், வழக்கமாக உச்ச மடங்கில், கணக்குக்குச் சரியாக வரும். ஃபர்ஸ்ட் ஃபோகல் பிளேன் வகையில் ரெட்டிகிளும் படத்தோடு சேர்ந்து பெரிதாகும், சிறிதாகும். எந்த மடங்கிலும் அளவு சரியாக இருக்கும். இலக்குச் சுடுதலுக்கு அது நல்லது. வேட்டைக்கு நான் வேண்டாம் என்பேன், குறைந்த மடங்கில் கோடு சிலந்தி நூல்போல மெலிந்து, வேண்டிய நேரத்தில் கண்ணுக்குத் தெரியாது.

எம்ஓஏ, மில் இரண்டில் எது?

இரண்டும் கோண அளவுகள். ஒரு எம்ஓஏ நூறு யார்டில் ஒரு அங்குலத்தைவிடக் கொஞ்சம் கூட, 1.047 அங்குலம். பெரும்பாலான ஸ்கோப்பில் டர்ரெட்டின் ஒரு கிளிக் கால் எம்ஓஏ, ஆகவே நூறு யார்டில் நான்கு கிளிக்குக்கு ஒரு அங்குலம். மில் ஸ்கோப்பில் ஒரு கிளிக் 0.1 மில், நூறு மீட்டரில் சரியாக ஒரு சென்டிமீட்டர். மெட்ரிக்கில் படித்து வளர்ந்த நமக்கு மில் எளிதாகவே வரும். போட்டிகளுக்குப் போகும் எண்ணம் இருந்தால் மில் எடுங்கள், பக்கத்தில் சுடுகிறவர் காற்றுக்காகக் குறியை எவ்வளவு தள்ளிப் பிடித்தார் என்று சொன்னால் அப்படியே புரியும். எதை எடுத்தாலும் ரெட்டிகிளும் டர்ரெட்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ரெட்டிகிள் மில்லிலும் டர்ரெட் எம்ஓஏவிலும் உள்ள ஸ்கோப்பைத் தவிர்த்துவிடுங்கள்.

பாராலாக்ஸ் என்கிறார்களே?

கண்ணை ஸ்கோப்புக்குப் பின்னால் லேசாக இடவலமாக நகர்த்தும்போது குறுக்குக்கோடு இலக்கின்மேல் நகர்வதாகத் தெரிந்தால் அதுதான் பாராலாக்ஸ். வேட்டை ஸ்கோப்புகளைக் கம்பெனியிலேயே நூறு யார்டுக்குச் சரிசெய்து பூட்டியிருப்பார்கள். மான் வேட்டைக்கு அது போதும். ஆனால் அதே ஸ்கோப்பை .22-வில் மாட்டி ஐம்பது யார்டில் சுட்டால், கண் முழுக்க ஓரத்துக்குப் போகும்போது குறி ஒரு சென்டிமீட்டர்வரை தப்பும். ஐம்பது யார்டில் ஒரு சென்டிமீட்டர் என்பது .22 காரருக்குப் பெரிய பிழை. அதனால் .22-வுக்கு ‘ரிம்ஃபயர்’ என்று தனியாக வரும், 50 அல்லது 60 யார்டுக்குச் சரிசெய்த ஸ்கோப்பை வாங்குங்கள். வோர்டெக்ஸ் கிராஸ்ஃபயர் 2 வரிசையில் 2-7×32 அப்படி ஒன்று. 4-16 போன்ற இலக்கு ஸ்கோப்புகளில் பக்கவாட்டில் ஒரு குமிழ் இருக்கும், தூரத்துக்கேற்ப நீங்களே திருகிச் சரிசெய்யலாம்.

வேட்டைக்கும் ரேஞ்சுக்கும் ஒரே ஸ்கோப் போதுமா?

ஒரே ரைஃபிள்தான் இருக்கிறது என்றால் 3-9 அல்லது 4-12 வைத்துக்கொண்டு இரண்டையும் செய்யலாம். நூறு யார்டில் ஒன்பது மடங்கில் குண்டுகளை அருமையாக நெருக்கிப் போட முடியும். ஓட்டையைப் பார்க்க ஒரு சிறிய ஸ்பாட்டிங் ஸ்கோப் (தனியாக நிறுத்திப் பார்க்கும் தொலைநோக்கி) பக்கத்தில் இருந்தால் போதும். ஆனால் ரேஞ்சில் ஆசை வந்துவிட்டவர்களுக்கு என் யோசனை வேறு. மான் ரைஃபிளில் எளிய 3-9-ஐ விட்டுவையுங்கள். ஒரு .22 வாங்கி அதில் பாராலாக்ஸ் குமிழ் உள்ள 4-16-ஐ மாட்டுங்கள். .22 தோட்டா மான் வேட்டைக்கான .308 தோட்டாவின் விலையில் ஒரு சின்னப் பங்குதான். ஐம்பது யார்டுக்கு ஜீரோ செய்த (குறிபார்த்த இடத்திலேயே படும்படி சரிசெய்த) .22 குண்டு நூறு யார்டில் ஆறு அங்குலம் அளவில் இறங்கிவிடும் என்பதால், டர்ரெட் திருகவும் காற்றைப் படிக்கவும் நூறு யார்டு ரேஞ்சிலேயே கற்றுக்கொள்ளலாம். என்ஆர்எல்22 என்ற .22 ரைஃபிள் போட்டிகள் நடக்கும் கிளப் அருகில் இருந்தால் ஒரு மாதம் போய்ப் பாருங்கள், குழந்தைகள் முதல் ஓய்வுபெற்றவர்கள்வரை எல்லாரும் வருவார்கள்.

ரிங், பேஸ் இவற்றில் காசை மிச்சம் பிடிக்கலாமா?

கூடாது. ‘ஸ்கோப் சரியில்லை, சுட்ட இடத்தில் படவில்லை’ என்று வரும் புகார்களில் பாதிக்கு மேல் ஸ்கோப்பால் வந்தவை அல்ல, திருகால் வந்தவை என்பது என் அனுபவம். ஸ்கோப்புக்கு 200 டாலர் ஒதுக்கினால் ரிங்குக்கும், அதை ரைஃபிளோடு இணைக்கும் பேஸுக்கும் 40 முதல் 60 வரை ஒதுக்குங்கள்.

முதலில் அளவு. ஸ்கோப்பின் உடல் ஒரு அங்குலக் குழாயா 30 மி.மீ. குழாயா என்று பார்த்து அதற்கேற்ற ரிங். .22-விலும் காற்று ரைஃபிளிலும் மேலே வெட்டிய 11 மி.மீ. டவ்டெயில் தடம் இருக்கும், பெரிய ரைஃபிளில் பிக்காட்டினி அல்லது வீவர் வகைத் தடம். கடைக்குப் போகும்போது ரைஃபிளின் மாடலைக் குறித்துக்கொண்டு போங்கள்.

பிறகு மாட்டுவது. பேஸ் திருகுகளிலும் ஓட்டைகளிலும் உள்ள எண்ணெயை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, நீலநிற லாக்டைட் ஒரு துளி விட்டு இறுக்குங்கள். ஸ்கோப்பை ரிங்கில் தளர்வாக வைத்து, உச்ச மடங்குக்குத் திருகி, கண்ணை மூடிக்கொண்டு இயல்பாக ரைஃபிளைத் தோளில் ஏற்றி, பிறகு கண்ணைத் திறங்கள். படம் விளிம்பில் கறுப்பு நிழல் இல்லாமல் முழு வட்டமாகத் தெரிகிற இடம்வரை ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். அடுத்து, ரைஃபிளை நேராக நிறுத்தி, தூரத்தில் தொங்கவிட்ட தூக்குநூலோடு செங்குத்துக்கோட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். அதன்பின் ரிங் திருகுகளைக் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். இருபக்க இடைவெளியும் சமமாக இருக்கட்டும். ரிங் திருகுகளுக்குப் பெரும்பாலான கம்பெனிகள் சொல்வது 15 முதல் 18 அங்குல-பவுண்டு. கைக்கணக்கில் இறுக்கினால் ஒன்று குறையும், இல்லாவிட்டால் மெல்லிய அலுமினியக் குழாய் நசுங்கி உள்ளே லென்ஸ் நகர மறுக்கும். இறுக்கத்தை அளந்து திருகும் டார்க் (torque) டிரைவர் ஒன்று வாங்குங்கள், அல்லது வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு மாலை இரவல் கேளுங்கள்.

ஜீரோ செய்வது எப்படி? தோட்டா நிறைய வீணாகுமே?

முறையாகச் செய்தால் ஒரு பெட்டிக்குள் முடியும். போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் என்றால், தோட்டா எதுவும் இல்லை என்று உறுதிசெய்துவிட்டுப் போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளையை) கழற்றுங்கள். ரைஃபிளை மணல்மூட்டைகளின்மேல் அசையாமல் வைத்து, குழலுக்குள் பின்னாலிருந்து பார்த்து 25 யார்டு இலக்கின் மையத்தைக் குழலின் நடுவில் கொண்டுவாருங்கள். ரைஃபிளை அசைக்காமல் டர்ரெட்டைத் திருகிக் குறுக்குக்கோட்டையும் அதே மையத்துக்குக் கொண்டுவாருங்கள். இப்போது 25 யார்டில் ஒரு குண்டு சுட்டால் அது காகிதத்தில் விழுந்துவிடும்.

25 யார்டில் ஒரு அங்குலம் நகர்த்தப் பதினாறு கிளிக் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நூறு யார்டு ஜீரோ வேண்டுமானால் 25 யார்டில் குண்டு மையத்துக்கு அரை முதல் ஒரு அங்குலம் கீழே விழுவதே சரி. ஸ்கோப் குழலுக்கு மேலே உட்கார்ந்திருப்பதால் அப்படி. பிறகு நூறு யார்டுக்குப் போய் மூன்று குண்டு சுட்டு, மூன்றின் நடுப்புள்ளியை வைத்துத் திருத்துங்கள். ஒற்றைக் குண்டை வைத்துத் திருத்தினால் கடைசிவரை துரத்திக்கொண்டே இருப்பீர்கள். குழல் சூடாகிவிடாமல் இடையிடையே ஆறவிடுங்கள்.

தோட்டாவை மாற்றினால் ஜீரோவும் மாறும். 150 கிரெய்ன் எடையுள்ள குண்டில் ஜீரோ செய்துவிட்டு வேட்டைக்கு 180 கிரெய்ன் எடுத்துப் போகாதீர்கள். நூறு யார்டில் ஜீரோ செய்த .308, 150 கிரெய்ன் குண்டு 200 யார்டில் நான்கு அங்குலம் அளவிலும் 300 யார்டில் பதினான்கு அங்குலம் அளவிலும் இறங்கும். 200 வரை நெஞ்சின் நடுவில் பிடித்துச் சுட்டாலே போதும் என்பதும், 300 என்பது பயிற்சி இல்லாதவர் தொடக்கூடாத தூரம் என்பதும் இந்த இரண்டு எண்ணிலேயே தெரிகிறது.

வாங்கிய ஸ்கோப் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரிய காகிதத்தில் நான்கு மூலைகளைச் சுற்றிவரும் சோதனை செய்யுங்கள். ஒரே புள்ளியைக் குறிபார்த்தபடி, முதலில் அப்படியே, பிறகு 20 கிளிக் மேலே, 20 வலது, 20 கீழே, 20 இடது என்று ஒவ்வொரு நிலையிலும் சுடுங்கள். குண்டுகள் சதுரமாக விழுந்து, கடைசிக் குண்டு முதல் குண்டின் பக்கத்தில் வந்து சேர வேண்டும். சேரவில்லையென்றால் முதலில் ரிங் திருகுகளைப் பாருங்கள். அவை சரியாக இருந்தும் சேரவில்லையென்றால் ஸ்கோப்பைத் திருப்பி அனுப்புங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும்.

பழைய ஸ்கோப் வாங்கலாமா?

வோர்டெக்ஸ், லியூபோல்டு போன்றவற்றைத் தாராளமாக வாங்கலாம். அவற்றின் வாழ்நாள் உத்தரவாதம் முதலில் வாங்கியவரோடு நின்றுவிடுவதில்லை, ரசீதும் கேட்பதில்லை. ஐந்நூறு டாலர் ஸ்கோப்பை முந்நூறுக்கு வாங்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் பெயர்பெற்ற கம்பெனிகளின் போலிகள் இணையச் சந்தைகளில் உலவுகின்றன. புதுச் சரக்கு பாதி விலைக்கு வந்தால், வரிசை எண் இல்லையென்றால், விட்டுவிடுங்கள். போலிக்கு எந்தக் கம்பெனியும் உத்தரவாதம் தராது.

காற்று ரைஃபிளுக்கு மான் ரைஃபிள் ஸ்கோப்பை மாட்டலாமா?

ஸ்பிரிங் வகைக் காற்று ரைஃபிள் பின்னுக்கும் உதைக்கும், உடனே முன்னுக்கும் உதைக்கும். சாதாரண ஸ்கோப்புகள் பின்னுதைக்கு மட்டுமே வடிவமைக்கப்பட்டவை. முன்னுதையில் உள்ளே ரெட்டிகிள் கழன்றுவிடும். ‘ஏர்கன் ரேட்டட்’ என்று போட்டு, பாராலாக்ஸ் பத்து யார்டுவரை இறங்கும் ஸ்கோப்பாகப் பார்த்து வாங்குங்கள். சிலிண்டரில் காற்றடைத்துச் சுடும் பிசிபி வகைக்கு உதை மிகக் குறைவு, எந்த ஸ்கோப்பும் தாங்கும்.

நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். வாங்கலாமா?

ஸ்கோப்பைத் தாராளமாக வாங்கலாம், அது ஆயுதம் அல்ல. ரைஃபிள் விஷயம் வேறு. குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அதற்கு விலக்கு. நண்பரின் ரைஃபிளை ரேஞ்சில் கையில் வாங்குவதற்கும் இது பொருந்தும் என்பதைப் பலர் அறியாமல் இருக்கிறார்கள். இதில் தவறினால் விசாவே போய்விடும். ஆகவே உங்கள் நிலைமையை வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

டெக்சஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சிப் பாடத்தையும் முடிக்க வேண்டும். இங்கே நம்மவர்களுக்கு வியப்பூட்டும் ஒன்று, நம் ஊர்ப் புள்ளிமான். 1932 வாக்கில் டெக்சஸுக்குக் கொண்டுவரப்பட்டு, மலைப்பகுதியில் பெருகி, இப்போது வேட்டை உரிமத்தோடு ஆண்டு முழுவதும் சுட அனுமதிக்கப்பட்ட அயல் விலங்காக இருக்கிறது. நியூ ஜெர்சியில் நிலைமை நேர் எதிர். அங்கே மானுக்கு இங்கே பேசும் வகை ரைஃபிள் கூடாது, காற்றுத் துப்பாக்கியையும் சட்டம் துப்பாக்கியாகவே பார்க்கிறது. அங்கே எடிசனில் இருந்துகொண்டு டெக்சஸ் நண்பர் சொன்னதைக் கேட்டு வாங்கிவிடாதீர்கள்.

ஊருக்குப் போகும்போது ஒரு ஸ்கோப்பை எடுத்துப் போகலாமா?

பெட்டியில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். ரைஃபிள் ஸ்கோப் அமெரிக்க வணிகத் துறையின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள பொருள். இந்தியாவில் வேட்டை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். காற்றுத் துப்பாக்கியால் கொக்கு, முயல் சுடுவதும் அதில் அடங்கும். தம்பி பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறான் என்று கேட்டால், ஒலிம்பிக் விதிகளின்படி அந்தப் போட்டியில் தொலைநோக்கி ஸ்கோப்பே கூடாது. துளைவழியே பார்க்கும் டயாப்டர் சைட்தான் அவனுக்கு வேண்டியது.

தூரத்தில் அசைவது என்ன என்று ஸ்கோப்பில் பார்க்கலாமா?

கூடவே கூடாது. ஸ்கோப்பில் பார்க்கும்போது குழலும் அங்கேயே நீட்டியிருக்கிறது. அசைந்தது இன்னொரு வேட்டைக்காரராக இருக்கலாம். அதற்குத்தான் பைனாகுலர். நூறு டாலருக்கு ஒரு 8×42 வாங்கிக் கழுத்தில் மாட்டுங்கள். மான் என்று உறுதியான பிறகு ரைஃபிளைத் தூக்குங்கள்.

சீசன் முடிந்ததும் என்ன செய்ய வேண்டும்?

லென்ஸில் உள்ள தூசியை முதலில் ஊதும் பல்பாலோ மென்தூரிகையாலோ அகற்றுங்கள். பிறகுதான் துணி. சட்டை நுனியால் தேய்த்தால் பூச்சில் கீறல் விழும். டர்ரெட் எந்த எண்ணில் நிற்கிறது, எந்தத் தோட்டா, எத்தனை யார்டு ஜீரோ என்று ஒரு சீட்டில் எழுதி ரைஃபிள் பெட்டிக்குள் வையுங்கள். அடுத்த சீசன் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பு ரேஞ்சுக்குப் போய் மூன்று குண்டு சுட்டு, அந்தச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.